கோளரங்கத்தில் பார்த்த வானத்தை வீட்டு வானத்தில் தேடுவது எப்படி?

கோளரங்கத்தில் விளக்கைப் பொதுவாக ஒரேயடியாக அணைப்பதில்லை. குவிமாடத்தின் ஓரத்தில் அந்திச் சிவப்பு தெரியும். அது மெல்ல மங்கும். முதலில் ஒரு பளிச்சென்ற புள்ளி, அப்புறம் நான்கைந்து, அப்புறம் எண்ண முடியாத அளவுக்கு. அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் அரங்கு முழுவதும் ஒரு மூச்சு உள்ளே போவது காதில் கேட்கும். நான் எத்தனை முறை போனாலும் இதற்காகவே போகிறேன்.

முதல் இரண்டு முறை நாங்கள் குடும்பமாகப் போனது சினிமாவுக்குப் போவது போலத்தான். பார்த்தோம், வியந்தோம், வந்துவிட்டோம். ஒரு வாரம் கழித்து மகளிடம் கேட்டால் ராக்கெட் நினைவிருந்தது, ஒரு நட்சத்திரம்கூட நினைவில்லை. மூன்றாம் முறை ஒன்றே ஒன்றை மட்டும் பார்த்துவைத்துக்கொள்ளச் சொன்னேன்: வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள். அன்று இரவே மாடிக்குக் கூட்டிப்போனேன். "அங்க இருந்தது இங்கயும் இருக்கு!" என்று கத்தினாள். அன்றிலிருந்து அவளுக்கு வானம் சொந்தமாகிவிட்டது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த மூன்றாம் முறை போல ஒரு பயணத்தைத் திட்டமிடுவது பற்றித்தான்.

எந்தக் காட்சிக்குப் போவது?

கோளரங்கங்களில் பெரும்பாலும் இரண்டு வகைக் காட்சிகள் இருக்கும். ஒன்று, முன்கூட்டியே தயாரித்த படம். குவிமாடம் முழுவதும் திரை. சனிக்கோளின் வளையங்களுக்கு நடுவே பறக்கலாம், கருந்துளையைச் சுற்றி வரலாம். இன்னொன்று, ஒருவர் இருட்டில் நின்றுகொண்டு அம்புக்குறி விளக்கால் காட்டிக் காட்டி நேரடியாகப் பேசுவது. 'இன்றைய இரவு வானம்' என்பது போன்ற பெயரில் இது இருக்கும். சில இடங்களில் படத்துக்கு முன்போ பின்போ பத்துப் பதினைந்து நிமிடம் இதைச் சேர்த்திருப்பார்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை தயக்கமே இல்லாமல் இரண்டாவதுதான். படம் எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் ஒன்றுதான். நேரடிப் பேச்சிலோ அன்று இரவு உங்கள் தலைக்கு மேல் என்ன இருக்கும் என்பது கிடைக்கிறது. குழந்தை கேள்வி கேட்கலாம். பேசுபவர் குழந்தைகள் நிறைய வந்திருப்பதைப் பார்த்துத் தன் பேச்சை மாற்றிக்கொள்வார். சீட்டு வாங்கும் முன் "இதில் யாராவது நேரில் விளக்குவார்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வயதும் முக்கியம். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் இருபதிலிருந்து முப்பது நிமிடத்துக்குள் முடியும் சிறுவர் காட்சியே போதும். எட்டு வயதுக்கு மேல் முழுக் காட்சியைத் தாங்குவார்கள். வெடிப்பு, மோதல், கருந்துளை என்று தலைப்பு இருந்தால் சத்தமும் அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். இருட்டையும் பெரிய ஒலியையும் தாங்க முடியாத குழந்தைகளுக்காக விளக்கை முழுதாக அணைக்காமல், ஒலியைக் குறைத்து நடத்தும் தனிக் காட்சிகள் சில கோளரங்கங்களில் உண்டு. கேட்டால்தான் தெரியும்.

போவதற்கு முன்

இருட்டைப் பற்றி வீட்டிலேயே பேசிவிடுங்கள். ஓர் அறையில் விளக்கை அணைத்து, குழந்தையோடு தரையில் படுத்து, இரண்டு நிமிடம் கூரையைப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் மின்விசிறி தெரியும், ஜன்னல் ஓரம் தெரியும். "கண்ணுக்கு இருட்டு பழக நேரம் வேணும்" என்பதைக் குழந்தை தானே கண்டுபிடித்துவிடும். நான்கு வயதில் அரங்கில் விளக்கு மங்கத் தொடங்கியதும் அழுத என் மகள், இந்த ஒத்திகைக்குப் பிறகு அழவே இல்லை.

சீக்கிரம் போங்கள். பல இடங்களில் விளக்கு அணைந்த பிறகு உள்ளே விடமாட்டார்கள். கதவு திறந்தால் வரும் வெளிச்சம் எல்லோருடைய கண்ணையும் கெடுத்துவிடும், அதனால்தான். கழிப்பறைக்குப் போய்விட்டு உட்காருங்கள். ஒளிரும் காலணி, ஒளிரும் கடிகாரம் வேண்டாம். போனை முழுதாக அணைத்துவிடுங்கள். சைலண்ட்டில் வைத்தாலும் திரை ஒளிரும்.

இன்னொரு வேலையும் வீட்டிலேயே முடித்துவிடலாம். நீங்கள் போகும் மாதத்தில் மாலை வானில் எது நன்றாகத் தெரியும் என்று பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று கீழே சொல்கிறேன். "இன்னைக்கு நம்ம வேலை இதைக் கண்டுபிடிக்கறது" என்று குழந்தையிடம் சொல்லிவிட்டால் போதும், அரை மணி நேரமும் கண் மேலேயே இருக்கும்.

எங்கே உட்காருவது, உள்ளே என்ன செய்வது

குவிமாடம் முன்பக்கம் சாய்ந்து, இருக்கைகள் படிப்படியாக ஏறினால், நடுவில் பின்வரிசைகள்தான் நல்ல இடம். முன்வரிசையில் கழுத்து வலிக்கும், படமும் நெளியும். குவிமாடம் கவிழ்த்த கிண்ணம் போல நேராக இருந்து, இருக்கைகள் புரொஜெக்டரைச் சுற்றி வட்டமாக இருந்தால், பேசுபவர் எந்தத் திசையை முன்பக்கமாக வைத்துக் காட்டுவார் என்று ஊழியரிடம் கேட்டு, அதற்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள். இருக்கையைப் பின்னால் சாய்க்க முடியுமா என்று பாருங்கள். எடை குறைந்த குழந்தைக்குச் சில இருக்கைகள் தானாகச் சாயாது, கையால் பிடித்துவிட வேண்டியிருக்கும்.

குவிமாடம் முழுவதும் படம் சுழலும்போது சிலருக்குத் தலைசுற்றும், குமட்டும். கண் 'நகர்கிறோம்' என்கிறது, உள்காது 'இல்லை, உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது, மூளை குழம்புகிறது. பத்து விநாடி கண்ணை மூடிக்கொண்டாலோ முன்னிருக்கையின் முதுகைப் பார்த்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். இதைக் குழந்தைக்கு முன்பே சொல்லிவையுங்கள். காரில் பயணம் செய்யும்போது வாந்தி வரும் குழந்தை என்றால் பறக்கும் படத்தைத் தவிர்த்து நேரடிப் பேச்சையே தேர்ந்தெடுங்கள்.

காட்சி ஓடும்போது நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம். தேர்ந்தெடுத்த ஒன்று வரும்போது மட்டும் கையை மெல்ல அழுத்துங்கள். எங்கள் வீட்டில் அதுதான் அடையாளம்.

நடுவில் நிற்கும் புரொஜெக்டர் பழைய வகையாக இருந்தால், காட்சி முடிந்ததும் குழந்தையை அருகே கூட்டிப்போய்க் காட்டுங்கள். இரண்டு தலையுள்ள பெரிய எறும்பு போல இருக்கும். இந்த வகைக் கருவியின் முதல் வடிவத்தை ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் வால்டர் பாவர்ஸ்ஃபெல்ட் உருவாக்கினார். 1923 அக்டோபரில் மியூனிக்கில் அதைக் காட்டினார்கள். சுமார் 4,500 நட்சத்திரங்களை அது குவிமாடத்தில் விழவைத்தது. ஆனால் மியூனிக்கின் வானத்தை மட்டும்தான் அதால் காட்ட முடிந்தது. வேறு ஊர் வானத்துக்குத் திருப்பும் கருவிகள் அதற்குப் பிறகு வந்தவை. இன்றைய டிஜிட்டல் கருவிகள் விண்வெளியில் எங்கே வேண்டுமானாலும் நின்று பார்ப்பது போலக் காட்டிவிடும். ஆனாலும் ஊசிமுனை போன்ற கூர்மையான நட்சத்திரங்களுக்கு அந்தப் பழைய எறும்புகளுக்கு இணை குறைவு என்பது என் கருத்து.

இதைவிடக் குழந்தைகளுக்குப் பிடிக்கும் கதை ஒன்று உண்டு. நெதர்லாந்தின் ஃப்ரானேக்கர் ஊரில் கம்பளி சீவும் தொழில் செய்த ஐசே ஐசிங்கா, 1774 முதல் 1781 வரை தன் வீட்டுக் கூடத்தின் கூரையிலேயே ஒரு சூரியக் குடும்பத்தை மரச்சக்கரங்களாலும் ஆணிகளாலும் செய்தார். கோள்கள் நெருங்கி வருவதால் உலகம் அழியப்போகிறது என்று அப்போது பீதி பரவியிருந்தது. கோள்கள் எப்படி நகர்கின்றன என்று மக்களுக்குக் காட்டிவிட்டால் பயம் போய்விடும் என்று அவர் நினைத்தார். ஒரு மில்லிமீட்டர் பத்து லட்சம் கிலோமீட்டர் என்பது அவர் வைத்த அளவு. அந்தக் கூரையில் சனிக்கோள் ஒரு சுற்று முடிக்க உண்மையான சனியைப் போலவே 29 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று இரவே வெளியே போங்கள்

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் படி இது. அன்று மேகமாக இருந்தால் அந்த வாரத்துக்குள்ளாவது. அதற்கு மேல் தள்ளினால் நினைவு கலைந்துவிடும்.

முதலில் ஒரு ஏமாற்றத்துக்குக் குழந்தையைத் தயார்படுத்துங்கள். கோளரங்கத்தில் பார்த்தது விளக்கொளியே இல்லாத இடத்தின் வானம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள் வெறும் கண்ணுக்குத் தெரியும். நகரத்தில் சில பத்துகள் மட்டுமே தெரியலாம். ஆனால் புதிதாகக் கற்பவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: மங்கலானவை எல்லாம் மறைந்துபோவதால் முக்கியமான வடிவங்கள் தனியாகத் தெரிகின்றன. நல்ல இருட்டான இடத்துக்கு முதல்முறை போகிறவர்கள் நட்சத்திரக் கூட்டத்துக்குள் ஓரியன் என்ற விண்மீன் கூட்டத்தைத் தேடித் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கண்ணுக்கு நேரம் கொடுங்கள். கண்மணி விரிய சில விநாடிகள்தான் ஆகும். விழித்திரையில் மங்கல் ஒளியைப் பிடிக்கும் செல்கள் முழுதாகத் தயாராக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரு முறை போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வெளிச்சம் தேவைப்பட்டால் டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். மங்கலான சிவப்பு ஒளி அந்தச் செல்களை அதிகம் பாதிப்பதில்லை. பாய் விரித்துப் படுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் குழந்தை "போலாம்" என்று சொல்லும்.

ஒரு சின்ன வித்தை: மங்கலான ஒன்றை நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். விழித்திரையின் நடுவில் அந்த மங்கல்-ஒளிச் செல்கள் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. கார்த்திகைக் கூட்டத்தை இப்படிப் பார்த்தால் கூடுதலாக ஒன்றிரண்டு நட்சத்திரங்கள் தோன்றும். குழந்தைகளுக்கு இது மந்திரம் போலத் தெரியும்.

தூரத்தை அளக்கக் கையே போதும். கையை நீட்டினால் சுண்டுவிரலின் அகலம் சுமார் ஒரு டிகிரி, மூடிய கைமுட்டி சுமார் பத்து டிகிரி. குழந்தையின் கை சிறியது, ஆனால் நீளமும் குறைவு என்பதால் கணக்கு ஏறக்குறைய அதேதான். முழு நிலா எவ்வளவு அகலம் என்று முதலில் ஊகிக்கச் சொல்லிவிட்டு, பிறகு சுண்டுவிரலால் மறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிலாவின் அகலம் அரை டிகிரிதான். விரலுக்குப் பின்னால் முழுதாக ஒளிந்துகொள்ளும்.

எதிலிருந்து தொடங்குவது?

டிசம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை என்றால் கேள்வியே இல்லை, ஓரியன். வேட்டைக்காரன் என்றும் சொல்வார்கள். நெருக்கமாக, நேர்க்கோட்டில், ஒரே பிரகாசத்தில் மூன்று நட்சத்திரங்கள்: அதுதான் அவன் இடைக்கச்சை. அதற்கு ஒரு பக்கம் செந்நிறத்தில் திருவாதிரை, மறுபக்கம் நீலவெண்மையில் ரீகல். இரண்டின் நிற வேறுபாட்டையும் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். எது சூடானது என்று கேளுங்கள். எல்லோரும் சிவப்பு என்பார்கள். உண்மை நேர்மாறானது: சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் என்றால் ரீகல் அதைப்போல இரு மடங்கு; சிவந்த திருவாதிரையோ சூரியனைவிடக் குளிர்ந்தது.

இடைக்கச்சையின் கோட்டை ஒரு பக்கம் நீட்டினால் இரவு வானிலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் வரும். மறுபக்கம் நீட்டினால் ஆரஞ்சு நிற ரோகிணி, அதையும் தாண்டினால் சிறு கொத்தாகக் கார்த்திகை. ஒரே கோட்டில் மூன்று முகவரிகள் கிடைத்துவிட்டன.

மார்ச் முதல் ஜூன் வரை வடக்கே சப்தரிஷி மண்டலம், பழந்தமிழில் எழுமீன். அகப்பை போன்ற ஏழு நட்சத்திரங்கள். அதன் காம்பின் நடுவில் இருப்பது வசிஷ்டர், ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி. இரண்டும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று வீட்டில் எல்லோரும் பார்வையைச் சோதித்துக்கொள்ளலாம். காம்பின் வளைவை அப்படியே தொடர்ந்து வந்தால் ஆரஞ்சு நிறச் சுவாதி, இன்னும் போனால் வெண்மையான சித்திரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை விருச்சிகம். கொக்கி போல் வளைந்த வாலோடு உண்மையிலேயே தேள் போல இருக்கும் அபூர்வமான விண்மீன் கூட்டம் அது; அதன் நெஞ்சில் சிவப்பாகக் கேட்டை. தென்கோளத்தில் இருப்பவர்களுக்கு இது தலைக்கு மேலேயே வரும், வடக்கே தள்ளிப் போகப்போகத் தொடுவானத்தை ஒட்டித் தாழ்ந்துவிடும்.

நாட்காட்டியில் நட்சத்திரப் பெயர்களைக் காலங்காலமாகப் படித்தும் அவை வானில் எங்கே இருக்கின்றன என்று பார்க்காதவர்கள் நம்மில் நிறையப் பேர். பெயர் ஏற்கெனவே தெரியும், முகத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மிகவும் பிடித்த விளையாட்டைச் சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் அவர் வயதுக்கு ஒத்த ஒரு நட்சத்திரம். சிரியஸ் 8.6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. எட்டரை வயதுக் குழந்தை இன்று பார்க்கும் அதன் ஒளி, அந்தக் குழந்தை பிறந்த சமயத்தில் கிளம்பியது. புரோசியான் பதினொன்றரை ஆண்டு. திருவோணம் சுமார் 17, அபிஜித் 25, புனர்பூசத்தின் போலக்ஸ் 34, சுவாதி 37. தாத்தா பாட்டிக்கு ரோகிணி, சுமார் 65. மகம், சுமார் 79. ஒளியாண்டு என்றால் என்ன என்று பாடம் நடத்த வேண்டியதே இல்லை. "இது நான் பொறந்தப்ப கிளம்பின வெளிச்சம்" என்று சொல்லும்போதே குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது.

ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் பார்த்தால் எல்லாம் மேற்கே கொஞ்சம் நகர்ந்திருக்கும். நட்சத்திரங்கள் தினமும் சுமார் நான்கு நிமிடம் முன்னதாக உதிக்கின்றன, மாதத்துக்கு இரண்டு மணி நேரம். இன்று இரவு பதினொரு மணிக்குத் தெரியும் வானம்தான் அடுத்த மாதம் ஒன்பது மணிக்கு. சீக்கிரம் தூங்க வேண்டிய குழந்தைக்கு இது நல்ல செய்தி: காத்திருந்தால் நட்சத்திரமே நேரத்துக்கு வந்துவிடும்.

மின்னாமல் நிலையாகப் பிரகாசிக்கும் ஒன்று, உங்கள் வரைபடத்தில் இல்லாத இடத்தில் இருந்தால் அது பெரும்பாலும் கோள். நட்சத்திரம் நமக்கு வெறும் புள்ளி என்பதால் காற்றின் அசைவில் துடிக்கிறது. கோளுக்குச் சிறு வட்டு இருப்பதால் அந்தத் துடிப்பு சமன்பட்டுவிடுகிறது. தொடுவானத்துக்கு அருகில் மட்டும் கோளும் மின்னலாம்.

ஆப், பைனாகுலர், டெலஸ்கோப்

ஸ்டெல்லேரியம் இலவச மென்பொருள். கணினியில் உங்கள் ஊரையும் தேதியையும் கொடுத்தால் வானத்தை அப்படியே காட்டும். போனிலும் உண்டு. இரவுக்கான சிவப்புத் திரையை இயக்கிக்கொள்ளுங்கள். வரிசை மட்டும் முக்கியம்: முதலில் வானம், பிறகு ஊகம், கடைசியில் ஆப். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே தேடினால் குழந்தை திரையைத்தான் கற்றுக்கொள்ளும்.

டெலஸ்கோப் இப்போது வேண்டாம். ஆர்வத்தில் வாங்கி, ஆடும் காலோடு போராடி, மூலையில் வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 7x50 அல்லது 10x50 பைனாகுலர் போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். முழங்கையைச் சுவரிலோ நாற்காலிக் கையிலோ ஊன்றிக்கொண்டால் வியாழனின் நான்கு பெரிய நிலாக்களில் இரண்டு மூன்றாவது தெரியும், கலிலியோ 1610-இல் பார்த்தவை அவை. கார்த்திகையில் பத்துப் பன்னிரண்டு நட்சத்திரங்களுக்கு மேல் எண்ணலாம். நிலாவைப் பௌர்ணமியன்று பார்க்காமல் பாதி நிலா நாட்களில் பாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் நிழல் நீண்டு விழுவதால் பள்ளங்கள் எடுப்பாகத் தெரியும். பைனாகுலரைப் பகலில் குழந்தை கையில் தனியாக விடாதீர்கள். அதன் வழியே சூரியனை ஒரு கணம் பார்த்தாலும் பார்வை நிரந்தரமாகப் போகலாம். சனியின் வளையம் வேண்டும் என்று அடம்பிடித்தால், கோளரங்கங்களும் வானியல் சங்கங்களும் நடத்தும் இரவுப் பார்வை நிகழ்ச்சிகளுக்குக் கூட்டிப்போங்கள். நல்ல கருவியில் பார்க்கலாம்.

மறுபடி எப்போது?

ஆறு மாதம் கழித்து. அதற்குள் மாலை வானம் முழுக்க மாறியிருக்கும், போனமுறை பார்க்காத பாதி தலைக்கு மேல் வந்திருக்கும். இந்த முறையும் நேரடிப் பேச்சுக் காட்சிக்கே போய், முடிவில் கேள்வி நேரம் இருந்தால் குழந்தையையே கேட்கச் சொல்லுங்கள்: "நான் பிறந்த ராத்திரி வானத்தைக் காட்ட முடியுமா?" தேதியும் ஊரும் சொன்னால் போதும். நேரம் இருந்தால் மறுக்கும் பேச்சாளர் குறைவு. குவிமாடம் பின்னோக்கிச் சுழலும், நிலா தேயும், வளரும், கோள்கள் வந்த வழியே திரும்பும், அந்த ஓர் இரவில் வந்து நிற்கும்.